‘கோடை டயர்’ என்னும் பெயரின் பொய்

இது நீண்ட பதிவு. மொழியியல் ஆய்வாளருக்கு டயரில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் போகும். டயர்க் கடையில் அதே தவறு ஈரச் சாலையில் ஏழு மீட்டரைப் பறித்துக்கொள்ளும். அந்த ஏழு மீட்டரின் கணக்கைக் கீழே தருகிறேன்.

சிறிய, வேகமான கார்கள் பல்கலைக்கழக வளாகங்களிலும் பெருகிவிட்டன. முதல் சம்பளத்தில் வாங்கியவர்கள், பழைய காரை வாங்கிச் சீர்செய்பவர்கள், வார இறுதியில் மலைச்சாலை ஏறுபவர்கள் எனப் பலர் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் பொருத்திய டயர் தேய்ந்ததும் இவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ‘கோடை டயர் போடலாமா, எல்லாப் பருவ டயர் போடலாமா?’ பெரும்பாலோர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் விடையும் ஒன்றே: ‘கோடை டயர் மழைக்கு ஆகாது. எல்லாப் பருவ டயர்தான் பாதுகாப்பு.’ இந்த விடை தவறு. அது சொல்லிலிருந்து பிறந்த தவறு. ஆகவே அதைக் கண்டிக்கும் கடமை, சொல்லை ஆராய்வதாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கும் உண்டு.

என் வாதம் இதுதான். இந்தியச் சமவெளியில் ஓடும் ஒரு சிறிய ஸ்போர்ட்டி காருக்கு, ஐரோப்பியர் ‘கோடைச் செயல்திறன் டயர்’ என்று அழைக்கும் பொருள்தான் ஆண்டு முழுவதற்குமான டயர். அதிலும் குறிப்பாக, அது மழைக்கான டயர்.

சசூரின் மாணவர்கள் அவர் மறைவுக்குப் பின் 1916இல் வெளியிட்ட நூலை முதுகலையில் படிக்காதவர் நம் துறையில் இல்லை. ஒரு குறியின் மதிப்பு அதனுள்ளே இல்லை, அருகிலிருக்கும் பிற குறிகளோடு அது கொள்ளும் வேறுபாட்டில் இருக்கிறது என்பதை மனப்பாடமாக ஒப்பிப்போம். ‘கோடை டயர்’ என்னும் சொல்லை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஜெர்மானியருக்கு ‘ஸோமர்ராய்ஃபன்’ என்ற சொல் ‘வின்டர்ராய்ஃபன்’ என்ற சொல்லோடு சேர்ந்தே பொருள் தருகிறது. அக்டோபர் தொடங்கி ஈஸ்டர் வரை குளிர்கால டயர் என்பதை, இரண்டு பெயர்களும் அவர்கள் மொழியில் ஓகாரத்தில் தொடங்குவதால், ‘ஓ முதல் ஓ வரை’ என்று நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஈஸ்டர் அவர்கள் மொழியில் ‘ஓஸ்டர்ன்’. பனியும் உறைநீரும் படிந்த சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்பது 2010 முதல் அங்கே தெளிவான சட்டம். அவர்கள் வாழ்வில் அது ஒரு முரண் இணை. அந்த இணையில் ‘கோடை’ என்பதற்குப் பொருள் ‘வெண்பனி இல்லாத காலம்’ என்பது மட்டுமே. வெயில், கத்தரி, வியர்வை ஆகிய எவற்றுக்கும் அங்கே இடமில்லை.

இணையின் ஒரு பாதியை மட்டும் பெயர்த்தெடுத்துத் தமிழில் நட்டால் என்ன ஆகும்? மறுபாதி இல்லாததால், சொல் தன் மதிப்பை நம் பருவங்களிடமிருந்து கடன் வாங்கிக்கொள்கிறது. நம் கோடைக்கு எதிர் பனிக்காலம் அன்று, மழைக்காலம். உடனே ‘கோடை டயர்’ என்பது ‘மழைக்கு உதவாத டயர்’ ஆகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒரு பிழையும் செய்யவில்லை. அகராதிப்படி சொல் சரி. பொருள்தான் தலைகீழாகிவிட்டது.

இனி வேதியியலைப் பார்ப்போம். ரப்பர் ஒரு வெப்பநிலைக்குக் கீழே இறுகத் தொடங்கும். கோடை டயரின் ரப்பர்க் கலவை வெதுவெதுப்பான சாலையில் சிறந்த பிடிப்பைத் தரும்படி அமைக்கப்படுகிறது. குளிரில் அது விறைத்துப் பிடியை இழக்கும். குளிர்கால டயரின் கலவை குளிரிலும் நெகிழ்ந்திருக்கும். வெப்பத்தில் குழைந்து, பட்டன்கள் வளைந்து, திசைமாற்றத்துக்கு மந்தமாக விடை சொல்லும். இவ்விரண்டுக்கும் எல்லைக்கோடாகத் தொழில்துறை வழக்கமாகச் சொல்வது சுமார் 7 டிகிரி செல்சியஸ். அது கத்தியால் வெட்டிய கோடு அன்று, ஒரு கைவிதி. சென்னையும் கொச்சியும் மும்பையும் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. டெல்லியில் சனவரி விடியலில் சில நாட்கள் இறங்கும், பகலில் ஏறிவிடும். குல்மார்க் சாலையில் பனிக்காலத்தில் நிலைமை வேறு. சக்கரத்தில் சங்கிலி கட்டாத கார்களை அங்கே மேலே விடுவதில்லை. காஷ்மீரிலும் லடாக்கிலும் இமாசலத்தின் உயரங்களிலும் வாழ்பவர்களுக்கு இந்தப் பதிவு பொருந்தாது. எஞ்சிய நாடு முழுவதும், டயரின் கண்ணுக்கு, பன்னிரண்டு மாதமும் ‘கோடை’.

மழை? கோடை டயரின் பிடிப்பு வெயிலுக்கு மட்டும் என்று யார் சொன்னது? ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரையில் எரிபொருள் சிக்கனத்தோடும் ஓசையோடும் தரவரிசை பெறும் மூன்றாவது பண்பு ஈரப்பிடிப்பு. கோடை டயர்களும் அந்த ஈரச் சோதனைக்கு உட்பட்டே விற்பனைக்கு வருகின்றன. ஜெர்மனியில் சூலை மாதம் மழை பெய்யாதா? ‘கோடை’ டயரை வடிவமைப்பவர் மழையை எண்ணித்தான் அகன்ற நீள்வரிப் பள்ளங்களை வெட்டுகிறார். 1990களின் தொடக்கத்தில் மிஷ்லின் நிறுவனம் கார்ப்பொடியின் இடத்தில் சிலிக்காவைக் கலந்து பரவலாக்கிய தொழில்நுட்பத்தின் பெரும்பயனே, உருளும் தடையைக் குறைத்தபோதும் ஈரச் சாலைப் பிடிப்பை இழக்காமல் காத்ததுதான். வெதுவெதுப்பான, நனைந்த தார்ச்சாலையில் நிற்பதற்கு நல்ல கோடை டயரைவிடப் பொருத்தமான வகை சாதாரணக் கார்களுக்குக் கிடையாது.

‘எல்லாப் பருவம்’ என்னும் பெயரோ இன்னும் தந்திரமானது. தொல்காப்பியம் பெரும்பொழுதுகளை ஆறாகப் பிரிக்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ‘ஆல் சீசன்’ என்பதிலுள்ள ‘எல்லா’வுக்குள் இந்த ஆறும் அடங்கிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த ‘எல்லா’ வேறு நிலத்தின் எல்லா. இலேசான வெண்பனியையும் சமாளிக்கவேண்டும் என்பதற்காக, வெப்பத்திலும் ஈரத்திலும் கிடைக்கும் பிடிப்பில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்த சமரசம் அது. மதுரைக்காரர் தாம் ஒருபோதும் காணாத பனிக்காக, தாம் ஆண்டுதோறும் காணும் மழையில் பிடிப்பை இழக்கச் சம்மதிக்கிறார். காருக்குக் கார்காலத்தை மறந்துவிட்டு டயர் வாங்கும் கொடுமை இது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. ‘இந்தியாவில் எல்லாப் பருவம் என்று விற்பதில் பலவற்றுக்குப் பனியோடு எந்தத் தொடர்பும் இல்லை. அது வெறும் விளம்பரச் சொல்’ என்பார்கள். உண்மை. கண்டறிய வழியும் உண்டு. டயரின் பக்கச்சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதனுள் பனிப்படிகமும் பொறித்திருந்தால், அந்த டயர் பனிச் சோதனை ஒன்றில் தேறியிருக்கிறது. ‘எம்+எஸ்’ என்று மட்டும் இருந்தால், அது தயாரிப்பாளரே தமக்கு வழங்கிக்கொள்ளும் பட்டம், சோதனை தேவையில்லை. இரண்டும் இல்லையென்றால் ‘எல்லாப் பருவம்’ என்பது பொருளற்ற ஒலி. இந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது: பெயரைப் பார்த்து டயர் வாங்காதீர்கள்.

இப்போது ஏழு மீட்டர். கணக்கின் பொருட்டு, ஈரச் சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழு 0.8 என்றும், சுமாரான டயரின் கெழு 0.65 என்றும் கொள்வோம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழுதாக மிதித்தால் முதல் கார் சுமார் 31.5 மீட்டரில் நிற்கும். இரண்டாவது கார் நிற்க 38.7 மீட்டர் வேண்டும். ஏழு மீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டு சிறிய கார்களின் நீளம். இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் மணிக்கு சுமார் 35 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் சாலையைக் கடக்கும் ஒருவர் இருந்தால் அவருக்கு இது சொற்பொருள் ஆய்வன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நம் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்கள் எல்லோரும் டயரால் இறந்தார்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் பொறுப்பற்றவள் அல்லள். ஆனால் நிற்கும் தூரம் குறித்த அறியாமைக்கு நம் நாட்டில் விலை இல்லை என்று எவரும் சொல்லமுடியாது.

பெயரின் மயக்கத்திலிருந்து தப்பியவர்கள் அடுத்து எண்ணின் மயக்கத்தில் விழுகிறார்கள். ‘டிரெட்வேர் 200’ என்பது இன்று இளம் கார்ப் பிரியர்களின் மந்திரம். அந்த எண் அமெரிக்கத் தரப்படுத்தல் முறையிலிருந்து வருகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் பொதுச்சாலைகளில் ஓர் ஒப்பீட்டு டயரோடு சேர்த்து ஓட்டித் தேய்மானத்தை அளந்து, ஒப்பீட்டு டயருக்கு 100 என்று வைத்து, தயாரிப்பாளரே தம் டயருக்கு எண் கொடுக்கிறார். அது தேய்மானத்தின் எண். பிடிப்பின் எண் அன்று. ஒரு நிறுவனத்தின் 300ஐ மற்றொரு நிறுவனத்தின் 300ஓடு ஒப்பிடுவது, இரண்டு பல்கலைக்கழகங்களின் ‘மிக நன்று’ என்னும் தரத்தை ஒப்பிடுவது போன்றது. அதே முறையில் உள்ள ஏஏ, ஏ, பி, சி என்னும் பிடிப்புத் தரமும் நேர்கோட்டில் ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பதை மட்டுமே அளக்கிறது. வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மேலும், பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்த 200 எண் டயர்களில் பல, பள்ளங்கள் குறைவாகவே வெட்டப்பட்டவை. உலர்ந்த தடத்தில் அவை அற்புதம். தேங்கிய நீரில் ஆபத்து. ‘கோடை’ என்ற ஒரே பெயருக்குள் இந்த இரண்டு குடும்பங்களும் ஒளிந்திருக்கின்றன. சாலைக்காரருக்கு வேண்டியது முதல் குடும்பம்.

நீரைப் பற்றி இன்னொரு கணக்கு. 1963இல் அமெரிக்காவின் நாசா நிறுவன ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களைச் சோதித்து ஒரு சூத்திரம் தந்தார்கள். பட்டனின் ஆழத்தை மிஞ்சிய நீரில், சக்கரம் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கார் டயருக்கு அது தோராயமே. என்றாலும் போக்கு தெளிவு: 33 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சுமார் 96 கி.மீ. வேகம், 25 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சுமார் 83 கி.மீ. பஞ்சர் கடையில் பத்து நிமிடம் செலவிடாதவர், எவ்வளவு விலையுயர்ந்த டயர் வாங்கினாலும் பதின்மூன்று கி.மீ. பாதுகாப்பைத் தாமே தூக்கி எறிகிறார். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை தேயலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அந்த நிலையில் டயர் சட்டத்துக்கு டயர்; மழைக்கு ஏறக்குறைய மொட்டை.

ஒரு திட்டமான எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஹூண்டாய் ஐ20 என் லைன் காரின் டயர் அளவு 195/55 ஆர்16. 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை விழுக்காடு உயரம் என்பது. அதாவது சுமார் 107 மில்லிமீட்டர். 16 என்பது விளிம்பின் விட்டம், அங்குலத்தில். அடுத்து 87வி என்று இருந்தால், ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 240 கி.மீ. வேகத்துக்குத் தகும் என்று பொருள். 17 அங்குல விளிம்புக்குத் தாவி 205/45 போட்டால் மொத்த விட்டம் ஏறக்குறைய மாறாது. ஆனால் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டராகச் சுருங்கும். நம் ஊர்க் குழிக்கும் விளிம்புக்கும் இடையிலிருந்த காற்றுத் தலையணையில் 15 மில்லிமீட்டரைக் காசு கொடுத்துக் கழற்றுகிறீர்கள். பயணியோடு 1,200 கிலோ எடையுள்ள கார் ஒவ்வொரு சக்கரத்திலும் தரையைத் தொடும் பரப்பு, 33 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், சுமார் 130 சதுர செ.மீ.; ஓர் உள்ளங்கை அளவு. அகலத்தைக் கூட்டினால் அந்த உள்ளங்கையின் வடிவம்தான் பெரும்பாலும் மாறும். நான்கு உள்ளங்கைகளும் எந்த ரப்பரால் ஆனவை என்பதே முதற்கேள்வி.

ஆகவே என் பரிந்துரை: விளிம்பையும் அளவையும் மாற்றாதீர்கள். தொழிற்சாலை குறித்த பளு எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். அந்த அளவில் கிடைக்கும் சாலைவகைச் செயல்திறன் டயர்களில், வெளியாகியிருக்கும் ஈரச் சாலைச் சோதனைகளில் குறைந்த தூரத்தில் நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களைப் படியுங்கள்; 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. கடையில் பல ஆண்டு கிடந்த டயரைத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வாங்காதீர்கள். நான்கையும் ஒருசேர மாற்ற முடியாமல் இரண்டுதான் வாங்க முடியுமென்றால், புதியவற்றைப் பின்னால் பொருத்துங்கள். ஈரத்தில் கார் பின்பக்கம் சுழல்வது, முன்பக்கம் நேரே வழுக்குவதைவிட மீட்கக் கடினமானது.

‘ஆயுள் குறையுமே’ என்பார்கள். குறையும். மென்மையான ரப்பர் நம் வெயிலில் விரைவாகத் தேயும், விலையும் கூடுதல். ஒரு லட்சம் ரூபாய்க்கு மிகையாகச் செலவிட்டு டர்போ எஞ்சின் உள்ள வகையை வாங்கியவர், அந்த ஆற்றல் தரையைத் தொடும் ஒரே இடத்தில் கணக்குப் பார்ப்பது சிக்கனமா? ‘கிடைப்பதில்லையே’ என்பதும் உண்மைக் குறை. 2020 சூன் மாதத்தில் புதிய டயர் இறக்குமதியை அரசு தடையற்ற வகையிலிருந்து கட்டுப்படுத்தப்பட்ட வகைக்கு மாற்றியது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பது கொள்கையாக இருக்கலாம். அப்படியானால் உள்நாட்டில் விற்கும் ஒவ்வொரு டயரின் ஈரப்பிடிப்பு அளவையும் வாங்குபவர் படிக்கக்கூடிய மொழியில் ஒட்டவைப்பது அதே அரசின் கடமை. ஈரப்பிடிப்பு, உருளும் தடை, ஓசை மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ். 142 என்னும் தரம் 2022இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. குறைந்தபட்சத்தைத் தாண்டியது என்று அறிவிப்பதும், எவ்வளவு தாண்டியது என்று கடையில் காட்டுவதும் வேறு வேறு.

இறுதியாக நம்மவர்களுக்கு. கலைச்சொல்லாக்கம் என்ற பெயரில் நாம் செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் மாற்று. ஒரு சொல் எந்த முரண் இணையில் நின்று பொருள் தருகிறது என்று கேட்காமல் செய்யும் தூய தமிழாக்கம், துல்லியமான உச்சரிப்பில் பொய் சொல்கிறது. டயரைத் ‘தடச்சுற்று’ என்பதா ‘உருளிப்பட்டை’ என்பதா என்று கருத்தரங்கில் அரைநாள் வாதிடுவோம். அதை ‘கோடை’ என்று அழைப்பதனால் என்ன விளைகிறது என்று ஒரு நிமிடமும் கேட்க மாட்டோம்.

என் முன்மொழிவு எளிது. ஓர் இணையில் எது பொதுவானதோ அதற்கு அடைமொழி வேண்டா. எது சிறப்பானதோ அதற்கு மட்டும் அடைமொழி கொடுங்கள் என்பது நம் துறையின் பழைய பாடம். நம் நிலத்தில் பொதுவானது ஐரோப்பியரின் ‘கோடை’ டயர். அதை வெறுமனே ‘டயர்’ என்போம். குளிர்கால டயரைப் ‘பனி டயர்’ என்போம். எல்லாப் பருவ டயரைப் ‘பாதிப்பனி டயர்’ என்போம். அந்தப் பெயரை எழுதி ஒட்டிய ஒரு பொருளைத் திருச்சியிலோ நாகபுரியிலோ கூடுதல் விலை கொடுத்து யார் வாங்குகிறார் என்று பார்ப்போம்.

மாற்றுக்கருத்து உள்ளவர்கள் வாதத்தோடு வாருங்கள். ‘இதெல்லாம் ஓர் ஆய்வுப் பொருளா’ என்று கேட்கவிருப்பவர்கள், வரும் வழியில் உங்கள் வண்டியின் பட்டன் ஆழத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.